பசியெடுத்த பால்

"கையில ரத்தக்கறைன்னா சரி, நானும் பயப்படுறேன். மாவுக்கறைக்கெல்லாம் ஆளைத் தூக்குறதுன்னா, சமையல்கட்டுப் பக்கம் போயிட்டு வர்ற யாருக்குமே வேலை மிஞ்சாதே" என்றான் மீட்டர்.

யாரும் சிரிக்கவில்லை. பால் ஆலையின் சோதனைக்கூடம் சிரிப்பதற்கு ஏற்ற இடமாகவும் இல்லை. வெள்ளை ஓடு பதித்த சுவர், வெள்ளை மேசை, வெள்ளைக் குளிர்பெட்டி. நடுவே வெள்ளைக் கோட்டுக்குள் வெளுத்த முகத்தோடு ஒரு பெண். அவளுடைய கோட்டின் வலது கை விளிம்பில் மட்டும் இரண்டு பொட்டுகள், கருநீலத்தில்.

மீட்டர் என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. அப்பாவின் ஜவுளிக்கடையில் பதினெட்டு வருஷம் துணி அளந்து கிழித்ததில் ஒட்டிக்கொண்டது. துணியைவிட நாக்கு நீளம் என்று அப்பா ஒருநாள் கல்லாப் பக்கமிருந்தே வாசலைக் காட்ட, நேராக அண்ணன் வீட்டு மாடியில் வந்து விழுந்தான். அங்கே அண்ணன் மனைவி ஒரு துப்பறியும் அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தாள். முன்பு கல்லூரியில் வேதியியல் செய்முறை வகுப்பு எடுத்தவள். பிள்ளைகள் சோதனைக் குழாயை உடைத்துவிட்டுச் சொன்ன பொய்களைக் கேட்டுக் கேட்டே துப்பறியக் கற்றுக்கொண்டதாகச் சொல்வாள். மீட்டர் வாய் ஓயாமல் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் வழக்குக் கொண்டு வருகிறவர்களுக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள்.

"மணி ஒண்ணே முக்கால்" என்றார் ஆலையின் மானேஜர். கையில் இரண்டு கடிதங்கள், இரண்டிலும் கையெழுத்து இடம் காலி. "நாலு மணிக்கு இதுல ஒண்ணுல நான் கையெழுத்துப் போட்டாகணும். ஒண்ணு பால் காண்ட்ராக்ட் ரத்து. இன்னொண்ணு இந்தப் பொண்ணு வேலை நீக்கம். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி.

அந்தப் பெண்தான் சொன்னாள். ஆலையில் அவளை எல்லோரும் 'சொட்டு' என்பார்கள். புத்தகத்தில் ஐந்து சொட்டு என்று போட்டிருந்தால் ஐந்துதான். ஆறாவது விழுந்துவிட்டால் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கழுவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"காலைல எட்டு மணிக்கு, ஜன்னல் ஓரம் நிக்கறாங்களே, இவங்க பால் டேங்கர் வந்துச்சு மேடம். பாலைக் காய்ச்சி ஆற வெச்சு அயோடின் விட்டேன். நீலமாயிடுச்சு. நீலமானா மாவுச்சத்து கலந்திருக்குன்னு அர்த்தம். மறுபடி பண்ணேன், மறுபடி நீலம். டேங்கரை நிறுத்திட்டேன்."

"பத்து வண்டிக்கு ஒருதரம்தான் அந்தச் சோதனைன்னு விதி" என்று இடையில் புகுந்தார் மானேஜர். "இந்தப் பொண்ணு எல்லா வண்டிக்கும் பண்ணும்."

"விதியை மீறி வேலை செஞ்சிருக்கு. பெரிய குத்தம்தான்" என்றான் மீட்டர்.

ஜன்னல் ஓரம் நின்ற பெரியவர் தொண்டையைக் கனைத்தார். பால் முதலாளி. முப்பது வருஷமாக இந்த ஆலைக்குப் பால் அனுப்புகிறவர். பக்கத்தில் அவருடைய மாப்பிள்ளை, மடிப்புக் கலையாத சட்டை, கையில் டேங்கர் சாவி. ஒரு வருஷமாக வண்டியோடு வருகிறவர் அவர்தான்.

"தம்பி, நீங்க பேசுறது நல்லாத்தான் இருக்கு" என்றார் முதலாளி. "ஆனா காலைல இந்தப் பொண்ணே சீல் வெச்சு எங்ககிட்ட குடுத்த என் பாட்டில்ல மாவு இல்லையே. பதினோரு மணிக்கு மானேஜர் முன்னாலயே சீலை உடைச்சு, இதே அயோடினை இதே பொண்ணு கையால விட்டாச்சு. நீலம் வரல. ஒரே டேங்கர், ஒரே பால். இவங்க பாட்டில் நீலம், என் பாட்டில் சுத்தம். அப்ப மாவு எங்கேருந்து வந்துச்சு?"

"மாமா, அவங்க கைய காட்டச் சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. "பதினோரு மணிக்கு அயோடின் விடும்போது ரெண்டு சொட்டு அவங்க கோட்டுல விழுந்துச்சு. பாருங்க, நீலம். மாவு கலந்த கை அதுதான்."

சொட்டு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு, ஒளிப்பது இன்னும் மோசம் என்று தோன்றியதோ என்னவோ, முன்னால் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள்.

"சோதனையில பொய் பண்ணவள்னு பேர் வந்துட்டா எந்த ஆலையும் என்னை வாசல்ல நிக்க விடாது மேடம். எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

அண்ணி மேசையிலிருந்த அயோடின் சொட்டுக்குழாயை எடுத்தாள். மீட்டரின் பக்கம் வந்து, அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் காலர் மேல் ஒரு சொட்டு விட்டாள்.

காலர் கருநீலமானது.

"அண்ணி, நேத்துத்தான் தேய்ச்சு வாங்கினது இது."

"தேய்க்கறதுக்கு முன்னால?"

"கஞ்சி போட்டாங்க. கஞ்சி போடாம காலர் எப்படி நிக்கும்? என் மரியாதையே அதுலதானே நிக்குது."

"கஞ்சிங்கறது மாவுச்சத்து. இப்ப உன் கைக்குட்டையக் குடு." கைக்குட்டையில் விழுந்த சொட்டு வெறும் பழுப்பாகவே பரவியது. "இதுவும் பருத்தி, காலரும் பருத்தி. கைக்குட்டைக்குக் கஞ்சி இல்ல. சொட்டு, உன் கோட்டு?"

"கம்பெனி சலவை மேடம். அட்டை மாதிரி நிக்கற அளவுக்குக் கஞ்சி போட்டுத்தான் குடுப்பாங்க."

"அவ்வளவுதான். இந்த ஆலையில கோட்டு போட்ட எல்லார் கையும் நீலமாகும். மானேஜர் கையும்தான்."

மானேஜர் தன் கோட்டின் கைகளை மெல்ல மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை அசரவில்லை. சிரித்துக்கொண்டே வந்து மீட்டரின் காலரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒருதரம் உருட்டினார். "சலவைக் கஞ்சி மட்டும் இல்லீங்க இது. தறிக் கஞ்சியே முழுசா போகல. சாயத்துக்கு முன்னால அரைகுறையா எடுத்திருக்காங்க. ரெண்டு தண்ணிக்குத் தொளதொளன்னு ஆயிடும்."

மீட்டருக்கு முகம் சுண்டிவிட்டது. முதல் தரம் என்று சொல்லி வாங்கிய துணி. அதுவும் விலையை அடித்துப் பேசி வாங்கியது. பதினெட்டு வருஷம் ஊரையே தடவிப் பார்க்க வைத்தவனைத் தடவிப் பார்த்து ஒருத்தன் குறை சொல்லிவிட்டான்.

அண்ணி பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டும் ஏன் வேற வேற மாதிரி இருக்கு?"

"ஒண்ணு கம்பெனி பாட்டில், இங்கயே இருக்கும்" என்றாள் சொட்டு. "இன்னொண்ணு பால் கொண்டு வர்றவங்களே எடுத்துட்டு வரணும். கம்பெனி குடுத்த பாட்டில்ல கோளாறுன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாதில்ல, அதுக்காக. ரெண்டுலயும் ஒரே அகப்பையால ஊத்தி, அவங்க கண் முன்னால நான் சீல் வைப்பேன். அவங்க பாட்டில் அவங்ககிட்டயே இருக்கும்."

"சீல் கலைஞ்சிருந்ததா?"

"இல்ல மேடம். நான் வெச்சது வெச்ச மாதிரி இருந்துச்சு." அதைச் சொல்வது தனக்கே பாதகம் என்று தெரிந்தும் சொன்னாள்.

"எட்டுலேருந்து பதினொண்ணு வரைக்கும் அந்தப் பாட்டில் எங்க இருந்தது?"

"வண்டியில" என்றார் மாப்பிள்ளை. "முன்கண்ணாடிக்கு அடியில."

"வெயில்ல?"

"வேற எங்கங்க வைக்கறது? மடியிலயா?"

அண்ணி தலையசைத்தாள். கம்பெனி பாட்டிலில் ஒருதரம் சோதித்தாள், நீலம். முதலாளி பாட்டிலில் ஒருதரம், வெறும் மஞ்சள். பிறகு மானேஜர் சம்மதத்தோடு முதலாளி பாட்டிலிலிருந்து இரண்டு கரண்டிப் பாலைச் சிறு குப்பியில் ஊற்றிக்கொண்டு, "தம்பி, பசிக்குது. கேண்டீன் எங்கன்னு பாரு" என்றாள்.

கேண்டீனில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. மாஸ்டர் அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டிருந்தார். அண்ணி ஒரு துண்டு ரொட்டியை எடுத்து மீட்டரிடம் நீட்டினாள்.

"வெறும் ரொட்டி. விழுங்காம மெல்லு. நான் சொல்ற வரைக்கும் பேசாத."

"ரெண்டுல ஒண்ணைக் கேளுங்க அண்ணி. பேசாம இருக்கறது எனக்கு வராது."

"மெல்லு."

மென்றான். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவன் கண்கள் விரிந்தன. "இனிக்குது. ரொட்டியில சர்க்கரை போட்டிருக்காரா மாஸ்டர்?"

"மாவுல உப்புதான் போட்டேன்" என்றார் மாஸ்டர் திரும்பாமல்.

"மாவுச்சத்துங்கறது ஒரு மணிமாலை தம்பி" என்றாள் அண்ணி. "ஒவ்வொரு மணியும் ஒரு குட்டிச் சர்க்கரை. ஆயிரக்கணக்குல கோத்து வெச்சிருக்கும். கோத்திருக்கற வரைக்கும் இனிக்காது, அயோடின் விட்டா நீலமாகும். உன் எச்சில்ல ஒரு கத்தரி இருக்கு. நொதின்னு பேர். அது மாலையைக் கத்தரிச்சுத் துண்டு துண்டாக்கிடும். துண்டானதும் இனிக்கும், நீலம் வராது."

"என் வாய்ல கத்தரி இருக்குன்னு அப்பா அப்பவே சொன்னாரு."

"ஒவ்வொரு மணியைக் கோக்கும்போதும் உயிருள்ள செல்லு கொஞ்சம் தண்ணிய வெளியே தள்ளும். கத்தரிக்கும்போது அதே தண்ணிய உள்ளே குடுத்துத்தான் வெட்டணும்."

"ஆகப் பால்ல திருட்டு பண்ணாலும் தண்ணி, மாவுல பண்ணாலும் தண்ணி. எல்லாத் திருட்டுக்கும் அதுதான் கூட்டாளி போல."

அண்ணிக்கு உதடு லேசாகக் கோணியது. அவள் சிரிப்பு அவ்வளவுதான். "இப்பச் சொல்லு. ஒரே பால், ஒரே அகப்பை. ஒண்ணுல மாலை இருக்கு, இன்னொண்ணுல இல்ல. முதல் பாட்டில்ல யாரோ மாவைப் போட்டாங்கன்னு எல்லாரும் நினைக்கறாங்க."

மீட்டர் மெல்வதை நிறுத்தினான். "ரெண்டுலயும் மாவு இருந்து, ரெண்டாவதுல யாரோ கத்தரியப் போட்டிருந்தா?"

"அதைப் பால்கிட்டயே கேட்டுடலாம்."

மாஸ்டரிடம் மூன்று கண்ணாடி டம்ளர் வாங்கினாள். முதலாவதில் கேண்டீனின் பாக்கெட் பால். இரண்டாவதில் முதலாளி பாட்டில் பால். மூன்றாவதிலும் அதே முதலாளி பால்தான், ஆனால் அதைக் கரண்டியில் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டு ஆற்றி ஊற்றினாள். மூன்றிலும் உருளைக்கிழங்கு வடித்த தண்ணீர் ஒவ்வொரு ஸ்பூன். அடுப்புக்குப் பக்கத்தில் இளஞ்சூட்டில் வைத்தாள்.

"கிழங்குத் தண்ணியில மாவுச்சத்து இருக்கு. யோக்கியமான பால் அதை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கும். அயோடின் விட்டா நீலமாகும். கத்தரி இருக்கற பால் சும்மா இருக்காது."

"மூணாவது எதுக்கு?"

"கத்தரி இரும்பு இல்ல, புரதம். முட்டையில இருக்கற மாதிரி. மடிச்சு வெச்ச மடிப்புலதான் அதோட கூரே இருக்கு. கொதிக்க வெச்சா மடிப்புக் கலைஞ்சிடும், அப்புறம் வெட்டாது. வெந்த முட்டை குஞ்சு பொரிக்காதில்ல."

"கொழுப்பு?"

"யாருக்கு?"

"பால்ல இருக்கற கொழுப்பைக் கேட்டேன் அண்ணி."

"அது செல்லோட சேமிப்பு. அதுக்கும் இந்தக் கேஸுக்கும் சம்பந்தமில்ல. இந்தக் கத்தரி அதைத் தொடாது. ஒரு கத்தரிக்கு ஒரு வேலைதான்."

மீட்டர் அதைத் தன் கணக்குக்கு மாற்றிப் பார்த்தான். செல் என்பது ஒரு ஜவுளிக்கடை. மாவுச்சத்து, அன்றாடம் விற்கிற சரக்கு. கொழுப்பு, பரணில் ஏற்றிவைத்த சரக்கு. புரதம், கத்தரியும் கையுமாக ஓடுகிற கடை ஆட்கள். "அப்ப முதலாளி யாரு? யாரைக் கேட்டு இந்த ஆளுங்க கத்தரிக்கறாங்க?"

"முதலாளி இல்ல. ஒரு அளவுப் புத்தகம் இருக்கு, டிஎன்ஏ. அதுவும் ஒரு மாலைதான், ஆனா நாலே எழுத்துல கோத்தது. எந்தக் கத்தரியை எந்த மடிப்புல செய்யணும்னு அதுல எழுதியிருக்கும்."

"முதலாளியே இல்லாத கடை. எங்க அப்பா இதைக் கேட்டா நெஞ்சைப் பிடிச்சுக்குவாரு."

அரை மணி நேரம் கழித்து அண்ணி கையோடு கொண்டுவந்திருந்த அயோடினை ஒவ்வொன்றிலும் விட்டாள். முதல் டம்ளர், நீலம். மூன்றாவது, நீலம். நடு டம்ளர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல மஞ்சளாக நின்றது. ஒரு ஸ்பூன் கிழங்குத் தண்ணீர் போன இடம் தெரியவில்லை.

மீட்டர் குனிந்து அந்த டம்ளரைப் பார்த்தான். "குடிச்சிடுச்சு. அண்ணி, இந்தப் பாலுக்குப் பசி. காலைல போட்ட மாவைத் தின்னுட்டு மத்தியானத்துக்கும் வாயைத் திறந்து வெச்சிருக்கு."

"இப்பக் கேள்வி, கத்தரி எங்கேருந்து வந்தது? பாட்டில் சீல் வைக்கறப்பவே உள்ள இருந்திருக்கணும். யாரும் பாட்டிலுக்குள்ள எச்சில் துப்பியிருக்க மாட்டாங்க. கடையில வாங்கற மாதிரி, பொடியா, ஒரு சிட்டிகை…"

மீட்டர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். கேண்டீன் மாஸ்டருக்கு அது பெரிய விஷயமில்லை. அண்ணிக்குத் தெரியும், இவன் சாப்பாட்டைக் கீழே வைப்பது வருஷத்துக்கு ஒருதரம்.

"கஞ்சி எடுக்கற பொடி" என்றான். "தறியில ஏத்தும்போது நூல் அறுந்துடக் கூடாதுன்னு கஞ்சி போடுவாங்க. கஞ்சி இருக்கற வரைக்கும் துணியில சாயம் ஏறாது. அதனால சாயப்பட்டறையில முதல் வேலையே அதை எடுக்கறதுதான். தொட்டி நிறைய வெதுவெதுப்பான தண்ணி, அதுல கொஞ்சம் பொடி. துணிக்கு ஒண்ணும் ஆகாது, கஞ்சி மட்டும் கரைஞ்சு போயிடும். எப்படின்னு நான் கேட்டதே இல்ல."

"துணியும் அதே சர்க்கரை மணிதான். ஆனா ஒண்ணு விட்டு ஒண்ணு தலைகீழாத் திருப்பிக் கோத்திருக்கும். இந்தக் கத்தரிக்கு அந்த முடிச்சு பிடிபடாது."

"அந்த மாப்பிள்ளை அண்ணி. என் காலரைத் தொட்டாரே, அது சும்மா தொட்டது இல்ல. தறிக் கஞ்சி போகலன்னு விரல்ல கண்டுபிடிக்கறவன் பட்டறையில நின்னவனாத்தான் இருப்பான். எனக்கே அது தெரியல."

மாஸ்டர் இப்போதுதான் திரும்பினார். "அவர் பட்டறை வெச்சிருந்தவர்தானே. போன வருஷம் மூடிட்டாங்க. அப்புறம்தான் மாமனார் வண்டியில ஏறினாரு."

மீட்டர் எழுந்தான். "முடிஞ்சது. வாங்க போலாம்."

"உக்காரு" என்றாள் அண்ணி. "பட்டறை வெச்சிருந்தது குத்தமா? பாட்டில்ல சொட்டே பொடியப் போட்டு, அப்புறம் சீல் வெச்சாள்னு அவர் சொன்னா என்ன பண்ணுவ? பொடி இருக்குன்னு பால் சொல்லிடுச்சு. யார் போட்டதுன்னு போட்டவர்தான் சொல்லணும்."

"அவர் எப்படிச் சொல்வாரு?"

அண்ணி மாஸ்டரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னாள். மீட்டருக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதுதான் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

நாலு மணி. மானேஜர் அறை. மேசை மேல் இரண்டு கடிதங்கள், நடுவே ஒரு பேனா. சொட்டு சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"நான் பார்த்துட்டேன்" என்றாள் அண்ணி. "முதலாளி பாட்டில்ல மாவுச்சத்து இல்ல. ஒரு துளி கூட இல்ல."

சொட்டு தரையைப் பார்த்தாள். மீட்டர் அண்ணியைப் பார்த்தான். முதலாளி நெஞ்சு நிமிர்ந்தார். மாப்பிள்ளை முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மானேஜரின் கை பேனாப் பக்கம் நகர்ந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள் அண்ணி. "முப்பது வருஷப் பேரு காப்பாத்தப்பட்டிருக்கு. வெறும் வாயோட எப்படிப் போறது? மாஸ்டர்."

மாஸ்டர் தட்டோடு வந்தார். தட்டில் ஆவி பறக்கும் ஒரு டம்ளர் பால். பக்கத்தில் முதலாளியின் பாட்டில், காலியாக.

"நல்லாக் காய்ச்சியாச்சு. குடிங்க ஐயா."

"இதுக்கென்ன" என்று முதலாளி டம்ளரை எடுத்தார். "என் பாலை நான் குடிக்க மாட்டேனா?"

"மாமா" என்றார் மாப்பிள்ளை. "சுடும்."

"சூடாத்தான் குடிப்பேன்."

"இல்ல, வெயில்ல இருந்த பால். கெட்டிருக்கும்."

"கெட்டா காய்ச்சும்போதே திரிஞ்சிருக்குமே. பாரு, ஏடு படியுது."

"அயோடின் ஊத்தினது மாமா."

"அதைக் குழாயில எடுத்துத் தனியாத்தானே ஊத்தினாங்க" என்ற முதலாளி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். "உங்களுக்கு என்னாச்சு மாப்பிள்ள?"

மாப்பிள்ளை எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. மாமனாரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பால் தளும்பிக் கடிதங்களின் ஓரத்தில் விழுந்தது.

"வேண்டாம் மாமா. அதுல பொடி இருக்கு. பட்டறைப் பொடி. குடிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

முதலாளி டம்ளரை வாயிலிருந்து கீழே இறக்கினார்.

"எந்தப் பொடி மாப்பிள்ள?" என்றார் முதலாளி, மெதுவாக.

அண்ணி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி மீட்டரிடம் நீட்டினாள். "தம்பி, நீ குடி."

மீட்டர் டம்ளரைப் பார்த்தான், காலி பாட்டிலைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். "அண்ணி, வீட்டுல எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்."

"குடி."

கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். கண்ணைத் திறந்தான். "சர்க்கரை தூக்கலா இருக்கு. பாக்கெட் பால்."

"குடிங்கன்னுதான் சொன்னேன்" என்றாள் அண்ணி. "எந்தப் பாலுன்னு நான் சொல்லவே இல்ல. அந்தப் பாட்டில்ல இருந்தது மானேஜர் கையெழுத்தோட வேற குப்பியில பத்திரமா இருக்கு." அவள் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. "வழியில பால்ல தண்ணி. தண்ணி விட்டா நீர்த்துப் போகும், அதுக்கு மாவுக் கஞ்சி. பத்துல ஒரு வண்டிதான் சோதிப்பாங்க, மாட்டினாலும் உங்க பாட்டில் காப்பாத்தும். வெறும் பாட்டில்லயே பொடியத் தூவிக் கொண்டு வந்துட்டீங்க. வெயில்ல வெச்சது ஏன்னு எனக்கு முதல்ல புரியல. பால் விக்கறவர் பாலை ஐஸ்ல வைப்பார். வெதுவெதுப்புல வைக்கறது பட்டறைப் பழக்கம்."

மாப்பிள்ளை விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணு மறந்துட்டீங்க. பட்டறையில கஞ்சி கரைஞ்சதும் துணிய அடுத்த தொட்டிக்கு அனுப்பிடுவீங்க. அங்க இன்னொருத்தர் கொதிக்கற தண்ணியில அலசிடுவார். பொடி செத்துப் போயிடும். அலசறது உங்க வேலை இல்லாததால, வேலை முடிஞ்சும் பொடி உயிரோட இருக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்ல. பாலை யாரும் அலசல. அது இன்னும் தின்னுக்கிட்டே இருக்கு."

முதலாளி மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். பிறகு கையை நீட்டினார்.

"வண்டிச் சாவியக் குடுங்க மாப்பிள்ள. என் பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

சாவி கைமாறியது. அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொட்டின் எதிரில் போய் நின்றார். "அம்மா, உங்க கைய நீலம்னு சொன்னது எங்க வீட்டு வாய்தான். தப்பு." பிறகு மேசைக்கு வந்து, பால் சிந்திய இரண்டு கடிதங்களில் தன்னுடையதைத் தானே தேடி எடுத்து மானேஜர் முன் வைத்தார். "இதுல போடுங்க சார்."

மானேஜர் போட்டார். இன்னொன்றை நாலாய் மடித்து, எட்டாய் மடித்து, எங்கே போடுவது என்று தெரியாமல் தன் கஞ்சி போட்ட கோட்டுப் பைக்குள்ளேயே திணித்துக்கொண்டார்.

வாசலில் மீட்டர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சொட்டு ஓடி வந்தாள். கையில் அரை எலுமிச்சம்பழம், மாஸ்டரிடம் வாங்கியது.

"சார், காலரைக் காட்டுங்க. இந்தக் கறை சோப்புக்குப் போகாது."

"இருக்கட்டும்மா. சாட்சிக்கு ஆகும்."

"சாட்சி வேண்டாம் சார், முடிஞ்சிடுச்சு." அவள் பழத்தைப் பிழிந்தபோது ஒரு சொட்டுதான் விழுந்தது. நீலம் வெளிறியது. இன்னொரு சொட்டு. நீலம் இருந்த இடம் காலரின் நிறத்துக்குத் திரும்பியது.

"இன்னும் கொஞ்சம் விடேன், ஓரத்துல லேசா தெரியுது" என்றான் மீட்டர்.

"இல்ல சார்" என்றாள் சொட்டு. "ரெண்டு போதும்."